மச்சான் ஏறினால் மட்டும்

"மிஸ்ஸிங் அடிக்குது" என்றார் முக்தியார்.
சாவிக்கு முன்னால்
ஒரு பிளாஸ்டிக் கவரைத்தான் நீட்டினார்.
மூன்று கடைகளின் பில்கள்.
காயில் புதுசு. பாயிண்ட் புதுசு.
கண்டன்சர் இரண்டு முறை புதுசு.
கார்பரேட்டரைக் கழுவியதற்கு ஒருவன்
கல்யாண மொய் அளவுக்கு வாங்கியிருக்கிறான்.

எண்பத்தாறு மாடல் பியட்.
மேல்விஷாரத்திலிருந்து சத்துவாச்சாரி வரை
ஒரு உதறலும் இல்லாமல் வந்து
என் கடை வாசலில்
நல்ல பிள்ளையாக நின்றது.

இந்த ஊரில் பானெட்டைத் திறந்தால்
யாராவது எட்டிப் பார்த்து
"ஹார்ட் மாதிரி, இல்ல?" என்பார்கள்.
ஆஸ்பத்திரி ஊர், வாயில் அதுதான் வரும்.
நான் சொல்வதில்லை.
ஹார்ட்டு எங்கே
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று எண்ணுகிறது?
இது எண்ணும்.
பள்ளிக்கூடத்தில் செல்லாத கணக்கு.

பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
எந்த வயரைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லையோ
அந்த சிலிண்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.
இங்கே எதைப் பிடுங்கினாலும் தள்ளாடியது.
நான்கும் உழைப்பாளிகள்.

"எப்போ அடிக்கும்?"
முக்தியார் ரோட்டைப் பார்த்தார்.
அந்த மூன்று கடைகளிலும் சொல்லாததைச் சொன்னார்:
"தனியா போனா ஒண்ணும் இல்ல, கன்னியப்பா.
என் மச்சான் ஜவாத் பின்சீட்ல ஏறணும்.
காட்பாடி மேம்பாலம் பாதி ஏறினதும்
உதற ஆரம்பிக்கும்."

ஜவாத் நூற்றுப்பத்து கிலோ.
கூடவே ஷூ அப்பர் மூட்டை இரண்டு.
ரம்ஜானுக்கு முன்னால் ஒருநாள்
பாலத்து நடுவில் வண்டி நின்றுபோக,
"உன் காருக்கே என்னைப் பிடிக்கல" என்று
மூட்டைகளோடு இறங்கி நடந்தவர்
இன்னும் இவர் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.
தங்கச்சி பேசினால் பேசுவார்,
இவர் பெயர் வந்ததும் போன் கட்டாகிவிடும்.

பாரம், என்று நினைத்துக்கொண்டேன்.
வாயைத் திறக்கவில்லை.
"இருட்டட்டும்" என்றேன்.

இஷா தொழுதுவிட்டு வந்தார்.
இஸ்திரிக்கடை ஏழுமலையிடம்
தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கடன் வாங்கினேன்.
சக்கரங்களுக்குக் கல் வைத்தேன்.
கடை லைட்டை அணைத்தேன்.
"ஹேண்ட் பிரேக் இழுங்க. மூணாவது கியர்.
ஆக்சிலேட்டரை மிதிச்சுகிட்டு
கிளட்சை அரை விரல் விடுங்க."
பக்கத்தில்தான் நின்றேன்,
முன்னால் நிற்க எனக்கென்ன பைத்தியமா.

எஞ்சின் முக்கியது.
ஒன்று, மூன்று, நான்கு,

ஒன்று, மூன்று, நான்கு,

அதோ.
இரண்டாவது வயர் கிளிப்புக்குள் நுழையும் இடத்தில்
ஒரு நீல இழை
இரும்புக்குத் தாவி அணைந்தது.
தண்ணீர் தெளித்தேன், இரண்டு இழை.
பகலில் மூன்று பேர் தேடியிருக்கிறார்கள்.

கரண்டும் ஆள் மாதிரிதான்.
பாரம் ஏறி, பிளக்கில் குதிப்பது கஷ்டமானதும்
வயரில் இருந்த வெடிப்பு வழியாக நழுவிவிட்டது.

உடைத்த பியட் ஒன்றின் வயர் இருந்தது, மாட்டினேன்.
அறுபது ரூபாய்.
பில் எழுதச் சொன்னார், கவரில் வைக்க.

"டெஸ்ட் பார்க்கணும்னா பாரம் வேணும்."
"அரிசி மூட்டை ஏத்தலாமா?"
"அரிசி ஒத்துக்காது" என்றேன்,
"அதே பாரம் வேணும்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு
ரோட்டில் நடந்தார், வந்தார், நடந்தார்.

பத்தரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார் ஜவாத்,
மூட்டைகள் இல்லாமல்.
சலாம் எனக்கும் சேர்த்துத்தான்.
பின்சீட்டில் உட்கார்ந்ததும்
வண்டி ஒரு அங்குலம் தாழ்ந்தது.

பாலாறு தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
மேம்பாலம் ஏறினோம்.
கீழே கூட்ஸ் வண்டி ஒன்று
நகரவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்.
அவர்கள் இருவரும் கூட எதையோ எண்ணினார்கள்.

உச்சியில் ஜவாத் தொண்டையைச் செருமினார்:
"பின் கதவு ஏதோ ஆடுதே."

"அது எப்பவும் ஆடும்" என்றார் முக்தியார்,
"நீ கொஞ்சம் நகர்ந்து உக்காரு."